எனக்கென்று நினைத்த வேடம்

ஷார்ஜாவில், முவைலா என்ற பகுதியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் என் இடம் வரவேற்பு மேசை. பெற்றோர் வந்தால் உட்காரச் சொல்வது, போன் எடுப்பது, பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைகளின் வீட்டுக்குத் தகவல் சொல்வது, இதுதான் என் டியூட்டி. ஒரு மதியம் நாடக ஆசிரியை அந்த மேசைக்கு வந்து நின்றார். அமெரிக்கர். கறுப்பினத்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அதுவரை எங்களுக்குள் குட்மார்னிங்கைத் தாண்டிய பேச்சு இருந்ததில்லை.

"உனக்குச் சத்தம் போட்டு வாசிக்க வருமா?" என்று கேட்டார். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"போனில் கத்தியே பழகிய குரல் மிஸ்" என்றேன்.

சிரித்தார். சனிக்கிழமைகளில் பள்ளி மண்டபத்தில் பெரியவர்கள் சிலர் கூடி நாடகம் வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆசிரியர்கள், நர்சுகள், அலுவலகங்களில் வேலை செய்பவர்கள். இந்த முறை அவரே ஒரு புது நாடகம் எழுதியிருந்தார். அமெரிக்காவில் அடிமைகளுக்கு விடுதலை கிடைத்த பிறகு ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதுதான் கதை. அதில் வரும் தாயின் பகுதியை வாசிக்க ஆள் வேண்டும், எழுதியதைத் தன் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நான் போனேன்.

கதை சின்னதுதான். விடுதலை அறிவித்துவிட்டார்கள். புருஷன் பருத்தித் தோட்டத்தை விட்டுப் போய்விடலாம் என்கிறான். அவள் வர மறுக்கிறாள். அவளுடைய மகளைச் சின்ன வயதில் வேறெங்கோ விற்றுவிட்டார்கள். அந்தப் பிள்ளை என்றாவது திரும்பி வந்தால் அதற்குத் தெரிந்த வாசல் இந்தத் தோட்டத்து வாசல் ஒன்றுதான். அதனால் விடுதலை கிடைத்தும் அதே முதலாளியின் நிலத்திலேயே கூலிக்கு நிற்கிறாள்.

முதல் காட்சி, விடுதலைக்கு மறுநாள் விடியற்காலை. அன்றைக்கு வேலைக்குக் கூப்பிடும் கொம்பு ஊதவில்லை. ஆனாலும் அவளுக்கு அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தன்னோடு தானே பேசுகிறாள்.

நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மா வாழ்நாளெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். அவள் வேலையிலிருந்து நின்ற புதிதில் போனில் சொன்னது அந்தக் காட்சியை வாசிக்கும்போது காதில் கேட்டது. "பெரட்டுக்குக் கூப்புடுற நேரத்துக்கு முழிப்பு வந்துருது பிள்ள. எந்திரிச்சு எங்க போறதுன்னுதான் தெரியல." பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் இடம். லீவில் போயிருந்தபோது நானே கண்ணால் பார்த்தேன். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் வீட்டு வாசற்படியில், அம்மா உட்கார்ந்திருப்பாள். விரல்கள் ஒன்றுமில்லாத காற்றில் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருக்கும். முதுகில் கூடை இருக்காது. தான் செய்வது அவளுக்கே தெரியாது.

வாசித்துக்கொண்டே நானும் அதைச் செய்திருக்கிறேன். ஆசிரியை எழுந்துவிட்டார்.

"அது என்ன? இப்போது கையால் செய்தாயே, அதை மறுபடி செய்."

சொன்னேன், அம்மாவைப் பற்றி. அவர் தானும் ஒரு முறை கையால் அப்படிச் செய்து பார்த்தார். பிறகு, "பருத்தி எடுப்பவர்களுக்கும் சாக்கு தோளில்தான் தொங்கும்" என்றார். அன்றைக்கே அந்தக் கையசைவை நாடகத்தில் சேர்த்துவிட்டார்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் எல்லாம் நான்தான் தாய். நான் திக்கிய வசனங்களை அவர் மாற்றி எழுதினார். நான் மூச்சு விட்ட இடத்தில் வசனத்தை உடைத்தார். வேலை நாட்களில் மதியம் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் எதிரில் வந்து உட்கார்வார். சோற்றைப் பருப்போடு பிசைந்து கையால் சாப்பிட நான்தான் அவருக்குப் பழக்கினேன். என் தேங்காய்ச் சம்பலைத் தின்றுவிட்டு, ஷார்ஜாவுக்கு வந்த பிறகு இதுபோல ஒன்றைச் சாப்பிடவில்லை என்றார். அந்த வேடம் என்னுடையது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ரூமில் என்னோடு இருப்பவர் யாழ்ப்பாணத்து அக்கா. கப்பல் கம்பனி ஒன்றில் வேலை. நான் குளியலறையில் வசனம் பேசிப் பழகினால் கதவைத் தட்டுவார்.

"என்னடி, உள்ளுக்கை ஆரோட கதைக்கிறாய்?"

"நாடகம்க்கா."

"நாடகமோ? நான் உனக்கு ஏதோ விசர் பிடிச்சிட்டுது எண்டெல்லோ பயந்திட்டன். கெதியா வா, எனக்கும் டியூட்டிக்கு நேரமாகுது."

ஒன்றைச் சொன்னால்தான் எனக்கு அந்த வேடத்தில் ஏன் அத்தனை ஆசை என்பது புரியும். நான் கறுப்பு. மாநிறம் என்று ஆறுதலுக்குச் சொல்கிற கறுப்பு இல்லை, நல்ல கறுப்பு. லயத்தில் என்னைக் கறுப்பி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட விழாவில் ராணி வேடம் வெள்ளையாக இருந்த பிள்ளைக்குப் போகும், எனக்குத் தோழி வேடம்கூட வராது. பெண் பார்க்க வந்தவர்கள் பிள்ளை நல்ல குணம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வேலைக்கு வந்த இந்த ஊரிலும் கடையில் நான் கேட்காமலே முகம் வெளுக்கும் கிரீமை எடுத்து நீட்டுவார்கள். இப்படியிருந்த எனக்கு, என் நிறத்தோடேயே போய் நடுமேடையில் நிற்கலாம் என்று ஒரு நாடகம் வந்தது. விளக்கு என் மேல் விழும், யாரும் பவுடர் பூசச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். கண்ணாடி முன்னால் அந்த நாட்களில் நின்ற மாதிரி நான் எப்போதும் நின்றதில்லை.

பிறகு உகண்டாக்காரி வந்தாள்.

அவள் பக்கத்து ஊரான அஜ்மானில் ஒரு பெண்கள் சலூனில் தலை பின்னுகிறவள். ஆசிரியை முடி பின்னிக்கொள்ள அங்கே போய்ப் பழகியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை அவளைக் கையோடு மண்டபத்துக்கு அழைத்து வந்தார். உயரம். சிரித்தால் மண்டபத்தின் அடுத்த கோடியில் இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் அவளை அறிமுகம் செய்துவிட்டு, "இவர்தான் நம்முடைய தாய்" என்றார் ஆசிரியை. என் கையிலிருந்த தாள்களை நான் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் வந்து, "நீ எனக்குப் பிராம்ப்டராக இரு. உன்னைப் போல இந்த நாடகம் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை" என்றார். மேடையின் ஓரத்தில் மறைந்து உட்கார்ந்து, நடிகர்கள் வசனத்தை மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் பிராம்ப்டர்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "நான் நன்றாகச் செய்யவில்லையா மிஸ்?"

"ரொம்ப நன்றாகச் செய்தாய்."

"பிறகு என்ன? நானும் கறுப்புத்தானே?"

அவர் நாற்காலிகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். "எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்கள் எங்கள் கதையையே மேடை ஏற்றுவார்கள். அதில் நடிக்கப் போனால் எங்களுக்கு இடம் இல்லை என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் வைத்திருப்பார்கள். நான் எழுதிய நாடகத்தில் நானே அதைச் செய்ய மாட்டேன்."

"அவள் உகண்டா. அவளுடைய ஆட்களை யாரும் பருத்தித் தோட்டத்துக்கு விற்கவில்லை. அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"அவளும் இதையேதான் என்னிடம் கேட்டாள்" என்றார். "இருந்தாலும் எனக்கு அவள்தான் வேண்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்கு அப்போதே தெரிந்தது. நியாயம் தெரிந்தால் பொறாமை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அது இரண்டு மடங்காகத்தான் ஆனது. அநியாயம் என்றால் கோபப்பட்டாவது ஆறியிருக்கலாம்.

ஒத்திகைகளில் நான் ஓரத்தில் உட்கார்ந்து அவளுடைய பிழைகளுக்காகக் காத்திருந்தேன். ஆரம்பத்தில் நிறையக் கிடைத்தன. ஒரு சொல்லை முன்னும் பின்னுமாகப் போட்டால்கூட உடனே எடுத்துக் கொடுப்பேன், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி. அவள் கோபிக்க மாட்டாள். "தேங்க்யூ சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் தொடர்வாள். அந்த சிஸ்டர் எனக்கு இன்னும் எரிச்சலூட்டும்.

இடைவேளையில்தான் என் வயிறு பற்றி எரியும். ஆசிரியை மேடை விளிம்பின் கீழே தரையில் உட்கார்வார். அவள் மேடையில் உட்கார்ந்து அவர் தலையை மடிக்கு இழுத்து, அவிழ்ந்த பின்னல்களைச் சரி செய்வாள். இரண்டு பேரும் முடியைப் பற்றி, எண்ணெயைப் பற்றி, யாரோ ஒரு சொந்தக்காரியைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். ஆசிரியை கண்ணை மூடிக்கொள்வார். என் முடி நேர்முடி. அதில் அந்தப் பின்னல் நிற்காது. சோறு பிசையப் பழக்கியது நான், கண்ணை மூடித் தலையைக் கொடுத்தது அவளிடம். ஒரு நாள் அவள் அவித்து மசித்த வாழைக்காயைக் கறியோடு கொண்டுவந்தாள். ஷார்ஜாவுக்கு வந்த பிறகு இதுபோல ஒன்றைச் சாப்பிடவில்லை என்றார் ஆசிரியை. அதே சொல். ஒரு எழுத்தும் மாறவில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது முதல் காட்சியின் கையசைவு. அது அவளுக்கு வரவில்லை. பூப்பறிக்கிற மாதிரி செய்தாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். "நீ செய்து காட்டு."

தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. அவளுக்காக இல்லை. அம்மாவின் கையை அவள் அப்படிப் பூப்பறிக்கிற கையாக ஆக்குவதைப் பார்க்க என்னால் சகிக்கவில்லை.

"விரல் நுனி இல்லை. இரண்டாவது மடிப்பு வரைக்கும் போக வேண்டும்" என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டினேன். "கண் கையைப் பார்க்கக் கூடாது. கைக்குத் தானாகத் தெரியும்."

அவள் திரும்பத் திரும்பச் செய்தாள். மண்டபத்தைப் பூட்ட வாட்ச்மேன் வந்து, "கலாஸ், கலாஸ்", முடிந்தது போங்கள், என்று கையை ஆட்டும்வரை செய்தாள்.

நாடகத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. ஒத்திகையெல்லாம் சனிக்கிழமை காலைகளில் நடந்தது, நாடகமோ சனிக்கிழமை சாயங்காலம். சலூனில் கூட்டம் நெருக்குவதும் அப்போதுதான். லீவு தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்று அவள் அழுதாள். சலூன் மேனேஜர் தமிழ்க்காரர் என்று தெரிந்ததும் ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் மொழியில் போய்ப் பேசு. உன்னால் முடியும்."

ரூமுக்குப் போய்ச் சொன்னதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "உன்னைப் போய்க் கேக்கச் சொன்னவவோ? நல்ல ஆளைத்தான் பிடிச்சிருக்கிறா. அந்தாள் மாட்டன் எண்டால் வேடம் உனக்குத்தானே?"

"அப்படி ஒன்னும் இல்லக்கா."

"முகத்தைப் பாத்தாத் தெரியாதோ எனக்கு?"

அஜ்மானுக்கு டாக்ஸியில் போகும்போது வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். கெஞ்சக் கூடாது. ஒரு முறை கேட்போம். முடியாது என்றால் சரி அண்ணே என்று எழுந்துவிடுவோம். கேட்டேன் என்றும் இருக்கும், கிடைக்கவில்லை என்றும் இருக்கும். நானாக எந்தத் துரோகமும் செய்யவில்லை.

மேனேஜர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். சலூன் வாசலுக்கே வந்து என்னைப் பக்கத்து டீக்கடையில் உட்காரவைத்தார். நான் பாதி வாக்கியம்தான் சொல்லியிருப்பேன்.

"நாடகமா? அந்தப் புள்ள நாடகத்துலயா நடிக்குது? எங்கிட்ட பங்ஷன்னுல்ல சொல்லுச்சு. ஏதோ பர்த்டே பார்ட்டின்னு நெனச்சு மாட்டேன்னுட்டேன்."

"சனிக்கிழமை கூட்டம் இருக்கும்னு சொன்னாங்க அண்ணே. உங்களுக்குக் கஷ்டம்னா பரவாயில்ல..."

"என்னங்க கஷ்டம்? ரெண்டு கஸ்டமரை அடுத்த நாளைக்கு வரச்சொன்னா போச்சு. எங்கூர்த் திருவிழால நான் பொம்பள வேஷம் கட்டினவன் தெரியுமா? கூட்டிட்டுப் போங்க. எனக்கு மட்டும் முன்னாடி ஒரு சேர் போட்டு வைங்க."

டீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கெஞ்சுவதா வேண்டாமா என்று நான் அத்தனை தூரம் யோசித்ததற்கு வேலையே இல்லாமல் போனது. மண்டபத்துக்கு வந்து சொன்னபோது ஆசிரியை என்னைக் கட்டிக்கொண்டார். உகண்டாக்காரி என்னைத் தரையிலிருந்து தூக்கியே விட்டாள். நல்லவள் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

நாடகத்தன்று திரைக்குப் பக்கத்தில், யாரும் பார்க்க முடியாத மூலையில், மடியில் தாள்களோடு உட்கார்ந்தேன். விளக்கு ஏறியது. கொம்பு ஊதாத காலை. அவள் தரையில் எழுந்து உட்கார்ந்தாள். கை தானாக எழுந்தது. கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டது. மறுபடி கிள்ளியது. அவள் கண் எங்கோ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மண்டபத்தில் ஒரு செருமல் இல்லை.

என் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள், வேறொருத்தியின் உடம்பில். பெருமைப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் வந்தது அது இல்லை. அதைத் திருப்பிக் கொடு என்று மேடைக்கு ஓடிப்போய்க் கேட்க வேண்டும் போல இருந்தது.

கடைசிவரை அவள் ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை. ஒரு சொல்லும் மறக்கவில்லை. வசனங்களை நான் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், யாருக்கும் தேவைப்படவில்லை. முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். முன்வரிசையில் சலூன் மேனேஜர் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். ஆசிரியையும் அவளும் கைகோத்துக் குனிந்தார்கள்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில், நாடகம் பார்க்க வந்திருந்த அக்கா என் தோளைத் தொட்டார். "அவள் நல்லாத்தான் செய்தவள். பொய் சொல்லக் கூடாது."

"ம்."

"ஆனா நீ பாத்ரூமுக்கை செய்யேக்கை எனக்கு வேற மாதிரிக் கிடந்தது."

"எப்படிக்கா?"

"எப்படியெண்டு சொல்லத் தெரியேல்ல." கொஞ்சம் யோசித்தார். "சரி, ஏறு. பசிக்குது."

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை. நான் வழியெல்லாம் கேட்டுப் பார்த்தேன்.

முதல் காட்சியை அக்கா போனில் வீடியோ எடுத்திருந்தார், அதை அடுத்த நாள் அம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"யாரு பிள்ள அது? நம்ம பக்கத்துத் தோட்டமா? கொழுந்து எடுத்த கையா இருக்கே."

"இல்லம்மா. ஆப்பிரிக்காக்காரி. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நீயா?" அம்மா சிரித்தாள். "நீ எங்க பிள்ள கொழுந்து எடுத்த? ஒன்ன மலைப் பக்கமே விடாமத்தானே படிக்க வச்சேன். அந்தப் பிள்ளைக்குத்தான் கை வந்திருக்கு. சும்மா சொல்லக் கூடாது, நல்லா வந்திருக்கு."

அம்மாவின் வாயிலிருந்தும் பாராட்டு அவளுக்கே போனது. அது அம்மாவின் கைதான் என்று சொல்ல நினைத்தேன். அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.

பெரிய விடுமுறைக்கு முன்னால் உகண்டாக்காரிக்குச் சவூதியில், அல் கோபாரில் வேறு வேலை கிடைத்தது. கபீல், அதாவது விசா எடுத்துத் தரும் முதலாளி, நல்லவர், சலூன் பெரியது என்றாள். போகும்போது என் தலையில் கை வைத்து, "இந்த முடியிலும் என்னால் பின்ன முடியும், நீ கேட்கவே இல்லை" என்றாள். பிறகு துபாயில் ஒரு மண்டபத்தில் நாடகத்தை மறுபடி போட ஆசிரியைக்கு அழைப்பு வந்தது. தாய் வேடத்துக்கு ஒரு கென்யப் பெண்ணைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள், நல்ல குரல். நான் மறுபடியும் மூலையில் உட்கார்ந்தேன்.

முதல் ஒத்திகையிலேயே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவசரப்பட்டாள். மகளை விற்றதைச் சொல்லும் இடத்தில் சத்தம் போட்டாள். உகண்டாக்காரி அங்கே குரலைத் தாழ்த்துவாள், முன்வரிசைகூடக் காதைக் கூர்மையாக்க வேண்டும். இவளுக்குப் போய் அந்த வேடமா என்று தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்காக இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

வெளியே வந்து அல் கோபாருக்குப் போன் போட்டேன்.

"புதியவள் எப்படி?" என்றாள் உகண்டாக்காரி, ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே. மிஸ் அவளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

"பரவாயில்லை."

"பரவாயில்லை என்றால்? என்னைவிட நன்றாகச் செய்கிறாளா? உண்மையைச் சொல்."

"உன் பக்கத்தில் நிற்க முடியாது."

அவள் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தேன். பிறகு அவளே சொன்னாள். "உனக்குத் தெரியாது சிஸ்டர். எத்தனை நாள் உன்னை வெறுத்தேன் தெரியுமா? நான் என்ன செய்தாலும் மிஸ், 'அப்படி இல்லை, அவள் வாசிக்கும்போது இங்கே நிறுத்துவாள், அவள் வாசிக்கும்போது இங்கே திரும்புவாள்' என்று உன்னைத்தான் சொல்வார். நீயோ ஓரத்தில் போலீஸ் மாதிரி உட்கார்ந்திருப்பாய்."

"எந்த இடத்தில் நிறுத்துவேன் என்று சொன்னார்?"

"எல்லா இடத்திலும்."

"சரியாக ஒரு இடத்தைச் சொல்."

அவள் சொன்னாள். இன்னொன்று கேட்டேன். அதையும் சொன்னாள். டாக்ஸிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன, நான் எதையும் நிறுத்தவில்லை.

"மிஸ் புதிதாக ஏதாவது எழுதுகிறாரா?" என்று கேட்டாள் கடைசியில்.

"எழுதுகிறாராம். இரண்டு பெண்கள் வரும் நாடகம்."

"யார் யாரை நினைத்து வைத்திருக்கிறார்?"

"சொல்ல மாட்டேன் என்கிறார்" என்றேன். "நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்."

"நாளைக்கு மறுபடி கேள்" என்றாள் அவள். "கேட்டுவிட்டு முதலில் எனக்குச் சொல்."